மூன்று விரல்

"மூணு விரலை நெட்டுக்குத்தா வாய்க்குள்ள வைங்க"
என்றார் டாக்டர்.
எல்லோருக்கும் போகுமாம்.
எனக்கு நண்டுக் கத்தியின் முனை போகும்.
அதைச் சொல்லிச் சிரித்தேன்.
சிரிப்பும் பல்லிடுக்கில் வடிகட்டித்தான் வெளியே வந்தது.

நாலு வயதில், கரையேற்றிய வல்லத்தின்
அணியத்திலிருந்து குப்புற விழுந்தவள் நான்.
மோவாயில் ஐந்து தையல்.
தழும்பு ஆறியதும் எல்லோரும் மறந்தார்கள்.
காதுக்கு முன்னே, தோலுக்கு அடியில்
எலும்பு எலும்பைப் பிடித்தது.
விடவேயில்லை.
நான் வளர்ந்தேன், தாடை அங்கேயே நின்றுவிட்டது.

தங்கச்சிமடத்துப் பிள்ளைகளுக்கு மீன் தெரியும்.
வாய் கீழே போன மீன் எது? பால்சுறா.
பன்னிரண்டாம் வகுப்புவரை அதுதான் என் பெயர்.
ஜெனோவா என்பது வருகைப் பதிவேட்டில்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி பெஞ்சில்
பக்கத்தில் மூக்கையூர் டென்சிங்.
கீழ்த்தாடை நீண்டு மேல்பல்லைத் தாண்டி நிற்கிறது.
மேலும் கீழும் முன்பல் சந்தித்ததே இல்லை,
தங்கூசியைக் கடித்து அறுக்க முடியாது அவனால்.
"உன்னைய என்னன்னு கூப்பிட்டாங்க?"
"முரல்" என்றான்.
பால்சுறாவும் முரலும் அடுத்தடுத்து,
டோக்கன் பதினேழு, பதினெட்டு.

தொண்டி அசனாருக்கு விஞ்சுக் கயிறு தெறித்து அடித்தது.
பேசவில்லை. மேல்வரிசையையும் கீழ்வரிசையையும்
கம்பி கட்டிப் பூட்டியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு வாரம்.
கைப்பேசியில் யாரோ பிரியாணி தின்பதைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.

வாலிநோக்கம் உப்பளத்து இருளாண்டிக்கு வலியே இல்லை.
உட்கார்ந்தபடி தூங்குகிறார், பெஞ்ச் அதிரக் குறட்டை.
திடீரென்று குறட்டை நிற்கும்.
அவர் மனைவி முந்தியை விரலில் சுற்றியபடி எண்ணுவாள்:
பதினெட்டு, பத்தொன்பது...
உலுக்குவாள்.
"சின்னத் தாடையாம். நாக்குக்கு இடம் பத்தாம
தொண்டைய அடைக்குதாம். முன்னால இழுத்து வைக்கணுமாம்.
பதினோரு வருசமா நானும் தூங்கல தாயி.
எனக்கு எந்த வார்டு?"

எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி டாக்டர் சொன்னது
எனக்குப் புதிதில்லை.
மண்டபம் கம்பெனியில் நாளைக்கு முந்நூறு நண்டு உடைப்பவள்.
மூட்டு எங்கே வழுக்கும், எங்கே வழுக்காது என்பது
என் கட்டைவிரலுக்குத் தெரியும்.
ஒட்டியதை வெட்டுவார்கள். மறுபடி ஒட்டாதிருக்க
நெற்றிப்பொட்டுச் சதையை இடையில் வைப்பார்கள்.
வாய் திறக்காதவளுக்கு மயக்கக் குழாய் மூக்கு வழியே.
"பயமா இருக்கா?"
இல்லையென்று தலையாட்டினேன். பொய்.
பாதர் எனக்கு மட்டும்
நற்கருணை அப்பத்தை நாலாய்க் கிள்ளித் தருவார்.
இருபத்திரண்டு வருடம் கஞ்சி.
ஒரு துண்டு ஊழியைக் கடித்து, முள்ளைத்
துப்ப வேண்டும் எனக்கு.

மதுரையில் செய்தார்கள்.
பிறகு ஐஸ் குச்சிகள். பல்லுக்கிடையே அடுக்கி
நாளுக்கொன்று கூட்டச் சொன்னார்கள்.
ஆறாவது குச்சியில் அழுதேன்.
பதினொன்றில் நர்சைத் திட்டினேன், முழு வாயால்.
அவள் கைதட்டினாள்.

மண்டபத்தில் மாறி ஏறிய பேருந்து
பாம்பன் பாலத்தைத் தொட்டபோது
தாடை தானாக இறங்கியது.
என்ன நடக்கிறதென்று புரியவில்லை.
இறங்கி, இன்னும் இறங்கி,
காதுக்குள் ஏதோ சொடுக்கி, கண்ணில் நீர் முட்டி,
பாலத்துக் காற்று அத்தனையும் உள்ளே போனது,
யாரோ ஒருத்தியின் கருவாட்டுக் கூடை வாசத்தோடு.
எதிர் இருக்கைக்காரர் கொட்டாவி விட்டார்.
அவர் மடியிலிருந்த பிள்ளை விட்டது.
பையைத் திறந்து நின்ற கண்டக்டரும்
"எங்க எறங்..." என்று தொடங்கிப்
பாதியில் வாய் பிளந்தார்.

தங்கச்சிமடம் என்று சொல்லவேண்டும்.
கொஞ்சம் பொறுங்கள்,
இன்னும் மூடவில்லை.